ஊமைப் பிஸ்தா

தம்பி,

நீ அனுப்பிய செய்தியை இன்று காலை சரக்கு வைக்கும் கிட்டங்கியின் பூட்டைத் திறப்பதற்கு முன் வாசலில் நின்றபடியே படித்தேன். "அம்மா, நான் முடிவு பண்ணிட்டேன். வேலைய விட்டுட்டு ராயபுரத்துக்கே வந்துடறேன். பிஸ்தா வியாபாரத்த இனிமே நான் பாத்துக்கறேன். வெள்ளிக்கிழமை ராஜினாமா குடுக்கப் போறேன். அதுக்குள்ள நீ வேண்டாம்னு சொல்லலைன்னா, சரின்னு எடுத்துக்கறேன்." கடைசி வரியைத் தட்டும்போது நீ சிரித்திருப்பாய். நம் கிட்டங்கியின் சட்டத்தை எடுத்து என் மேலேயே போட்டிருக்கிறாய்.

சட்டம் என்று யாரும் போட்டதில்லை, அதுவாக வந்தது. பொறுக்கிப் பிரிக்கும் பெண்கள் என்னிடம் வந்து, "ஓனரம்மா, அடுத்த பெட்டிய ஒடைக்கட்டா?" என்று கேட்பார்கள். வேண்டாமென்றால் வேண்டாம் என்பேன். சரியென்றால் ஒன்றும் சொல்ல மாட்டேன். கையிலிருக்கும் வேலையையோ ஜன்னலையோ பார்த்துக்கொண்டிருப்பேன். அவர்களில் முன்னால் நிற்கும் தேவகி ஒரு மூச்சு நேரம் நின்று என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக் குரல் கொடுப்பாள்: "வாய தொறக்கல. அப்ப சரின்னு அர்த்தம். ஒடைங்கடீ." ஆகவே உன் செய்திக்கு நான் பதில் போடாமல் இருந்தால் வெள்ளிக்கிழமை என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் எப்படி என்பது உனக்குத் தெரிந்ததுதான். சாப்பிட்டாயா, அங்கே வெயிலா, சரி வைக்கிறேன். இத்தனை ஆண்டுகளாக அவ்வளவுதான் பேசியிருக்கிறோம். எனக்கு எழுதத்தான் வரும். அதுவும் மெதுவாகத்தான் வரும்.

முதலில் கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தேவகி உன்னிடம் போனில் சொன்னதில் பாதியைக் கழித்துவிடு. திருவொற்றியூர் யார்டில் கண்டெய்னரைத் திறந்த அன்று மழை பெய்துகொண்டிருந்தது. உள்ளே ஏறிப் பின்வரிசைப் பெட்டிகளில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கும்போது கால் வழுக்கியது. இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டிருக்கிறது. மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். சமைக்கிறேன், குளிக்கிறேன், எழுதவும் செய்கிறேன். தலை பின்னத்தான் முடியவில்லை. காலையில் தேவகி வாரி விடுகிறாள். வாரிக்கொண்டே திட்டுவாள். நேற்றும் அப்படித்தான். "இந்த வயசுல கண்டெய்னர் மேல ஏறுது பாரு. பெரிய பிஸ்தான்னு நெனப்பு." பக்கத்திலிருந்த பெண்கள் சிரித்தார்கள். பிஸ்தா விற்கிறவளைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்ல இந்த ஊரில் யாருக்கும் அலுப்பதே இல்லை.

அந்தச் சொல்லால் நீ பட்ட பாடு நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிது. லாரியிலிருந்து சரக்கு இறக்கும் ஆட்கள் உன் அப்பாவைப் பார்த்து, "நீ பெரிய பிஸ்தா நைனா" என்று கிண்டல் செய்வதைக் கேட்டுக் கேட்டு, அதுதான் அப்பாவின் தொழிலுக்குப் பெயர் என்று நீ நினைத்துக்கொண்டாய். பெரிய பிஸ்தா வியாபாரி என்பதன் சுருக்கம் என்று. வகுப்பில் ஆசிரியர் ஒவ்வொருவராக எழுப்பி அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டாராம். ஒருவன் ஹார்பர் என்றான், ஒருவன் ரயில்வே என்றான். நீ எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, "எங்கப்பா பெரிய பிஸ்தா சார்" என்றாய். அவர் உன்னைப் பெஞ்சு மேல் ஏற்றிவிட்டார். சாயங்காலம் அழுதுகொண்டே வந்தாய். அப்பா சங்கதியைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் பனியனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏலே, நெசத்தத்தானடே சொல்லியிருக்க, அதுக்கு எதுக்கு அழுத?" என்று உன்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஆசிரியரிடம் இறக்குமதித் தொழிலைப் பற்றி விளக்கினேன். அவர், "அத நேத்தே பையன் ஒழுங்கா சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். ஒழுங்காகத்தான் சொன்னான் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

நீ இப்போது பார்த்துக்கொள்வதாகச் சொல்கிற தொழில் என்ன என்பதையும் ஒருமுறை பார்த்துவிடு. இந்த நாட்டில் பிஸ்தா விளைவதில்லை. வடக்கே மலையில் சில மரங்கள் நிற்பதாகச் சொல்வார்கள். நான் பார்த்ததில்லை. பார்க்காததை வைத்து வியாபாரம் செய்ய முடியாது. எங்கோ ஒரு வறண்ட ஊரில் விளைந்து, அங்கேயே உப்பிட்டு வறுத்து, காற்றுப் புகாமல் கட்டி, கப்பலில் வந்து இறங்குகிறது. நம் வேலை, அதை இந்த ஊர்க் காற்றிடமிருந்து காப்பாற்றிக் கடைகளுக்குக் கொடுப்பது. அவ்வளவுதான்.

அப்பாவுக்கு ஒரு காலத்தில் இது போதவில்லை. பச்சையாக வாங்கி இங்கேயே வறுத்தால் என்ன என்று யாரோ சொன்னதைக் கேட்டு, எம்.கே.பி. நகரில் வேர்க்கடலை வறுக்கிற ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். ஈரப்பதம் நிற்காது என்று நான் சொன்னேன். ஒரே ஒரு முறைதான் சொன்னேன். வறுத்து வந்த அன்று காலையில் கறுக்மொறுக்கென்று இருந்தது. ஆனால் வேர்க்கடலை வாசனை. மத்தியானம் கடற்காற்று திரும்பியது. சாயங்காலத்துக்குள் அத்தனையும் நமத்துப்போய்விட்டது. அப்பா ஒன்றை வாயில் போட்டு மென்றுவிட்டு, "என்னளா இது, அவல் மாதிரி இருக்கு" என்றார். அந்தச் சரக்கை ஒரு மாதம் நாம் வீட்டில் தின்றோம். பாயசத்தில்கூடப் போட்டேன். உப்புக் கரித்தது.

இதை நீ உவமையாக எடுத்துக்கொண்டுவிடாதே. வெளியூரில் பதமானது இந்தக் காற்றில் வந்தால் நமத்துப்போகும், ஆகவே நீ வராதே என்று நான் சொல்ல வரவில்லை. நான் வேதியியல் படித்தவள். ஈரப்பதம் என்றால் எனக்கு ஈரப்பதம்தான். மனிதர்கள் எந்தக் காற்றிலும் நமத்துப்போவார்கள், எந்தக் காற்றிலும் மொறுமொறுப்பாக இருப்பார்கள். அதற்கு வேறு காரணங்கள் உண்டு.

ஒரு காரணம் எனக்குத் தெரியும். நீ அப்போது சுவரைப் பிடித்து நடக்கப் பழகிக்கொண்டிருந்தாய். எனக்குப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாகச் சேர இடம் கிடைத்திருந்தது. உன்னைப் பகலில் பார்த்துக்கொள்ள கீழ்வீட்டு அம்மாவிடம் பேசி வைத்திருந்தேன். அந்த வாரம் கிட்டங்கிக் கணக்குப் பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். அப்பா சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே கேட்டார்: "ஏளா, இந்த சீசனுக்கு மட்டும் கிட்டங்கியப் பாத்துக்கிடுதியா? தீவாளி கழிஞ்சதும் வேற ஆளப் போட்டுருதேன்." நான் ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் வழியாகக் கீழே யாரோ சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு சந்தோஷமாகப் படியிறங்கிப் போனார். எந்தத் தீபாவளி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்பா கெட்டவர் இல்லை. என் முகத்தில் வேண்டாம் என்பது இருந்திருந்தால் படித்திருப்பார். அங்கே ஒன்றும் இல்லாதபடி நான் பார்த்துக்கொண்டேன். தியாகம் என்ற சொல்லும் எனக்கு ஒத்துவராது. அந்த வேலை எனக்கு நன்றாக வந்தது. கண்டெய்னர் கதவு திறந்ததும் வருகிற வாசனையை வைத்தே உள்ளே வெப்பம் ஏறியிருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். அதில் ஒரு பெருமைகூட உண்டு. ஆனால் நான் அதை விரும்பித்தான் செய்தேனா என்று இந்த வயதில் என்னையே கேட்டுப் பார்த்தால் பதில் இல்லை. சரி என்றும் சொல்லாமல் வேண்டாம் என்றும் சொல்லாமல் ஒரு காரியத்துக்குள் போனவர்களுக்குக் கடைசிவரை அது தெரியாமலே போய்விடுகிறது. நம் கிட்டங்கியின் சட்டம் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

பெட்டியைக் கொட்டி விரித்ததும் பெண்கள் முதலில் பொறுக்கி எடுப்பது வாய் திறக்காத காயைத்தான். மற்றதெல்லாம் ஓடு பிளந்து பருப்பு தெரியும். சில மட்டும் இறுக மூடிக்கொண்டு வரும். தேவகி கூட்டம் அதற்கு ஊமை என்று பெயர் வைத்திருக்கிறது. "ஏய், ஊமைய தனியா போடு." கடையில் அது போகாது. நகம் உடையும், பல் உடையும், வாங்கியவர்கள் சண்டைக்கு வருவார்கள். உடைத்துப் பருப்பெடுக்கிறவர்களுக்குத் தள்ளிவிடுவோம். ஆனால் அதற்குள் இருக்கும் பருப்பு நல்ல பருப்பு. வறுக்கும்போது ஓட்டுக்குள் உப்பு அதிகம் இறங்காததால் அதன் சுவை மட்டும் தனியாக இருக்கும். எனக்கு இரத்தக்கொதிப்பு வந்த பிறகு அப்பா தினமும் சட்டைப்பையில் ஒரு பிடி ஊமை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவார். "ஒனக்கு உப்பு ஆகாதுல்லா."

அவர் அதை உடைக்கும் விதம் உனக்கு மறந்திருக்காது. கூடத்துக் கதவைப் பாதி திறந்து, கீலுக்குப் பக்கத்து இடுக்கில் காயை இரண்டு விரலால் பிடித்துக்கொள்வார். கதவை இழுப்பது உன் வேலை. மெதுவாக இழுத்தால் உடையாது, வேகமாக இழுத்தால் விரல் போய்விடும். "இழுலே. பைய. இன்னும் கொஞ்சம். ம், அவ்வளவுதான்." டக் என்று ஒரு சத்தம். நீ அவர் விரலை ஒரு நாளும் நசுக்கியதில்லை. அவரும் ஒரு நாளும் விரலைப் பின்னுக்கு இழுத்ததில்லை. நான் சமையலறையிலிருந்து, கதவு தொய்ந்துவிடும் என்று சத்தம் போடுவேன். கதவு தொய்ந்துதான் போனது. இப்போது மூடும்போது தரையில் உரசுகிறது.

அப்பாவை மூலக்கொத்தளம் மயானத்தில் விட்டுவிட்டு வந்த மறுவாரம், அவர் போட்ட ஆர்டரில் ஒரு கண்டெய்னர் வந்து இறங்கியது. அதை எடுக்க ஓடினேன். நீ படிப்பை முடிக்கப் போனாய், பிறகு வேலைக்கு குஜராத்துக்குப் போனாய். எனக்கு வேலை இருந்துகொண்டே இருந்தது. சோறு வைக்கும்போது மட்டும் அரிசி அளவு பிடிபட நாளானது. ஞாயிற்றுக்கிழமைகள்தான் சிரமம். எதிர்வீட்டார் மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை முடிந்து வந்ததும், கறி வதங்கும் வாசனை தெரு முழுக்க வரும். யாராவது யாரையாவது மாடியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். நான் கிட்டங்கிச் சாவியை எடுத்துக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்திருப்பேன். செய்ய ஒன்றும் இருக்காது. பெட்டிகள் இருக்கும். துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் இறங்கும் சத்தம் கேட்கும். அங்கே தனியாக இருப்பதற்கு ஒரு காரணம் இருப்பதுபோலத் தோன்றும், அதனால் வீட்டைவிட அது மேல். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பரிதாபப்படுவார்கள், அறிவுரை சொல்வார்கள், டிவி வாங்கச் சொல்வார்கள்.

இப்போது தேவகி உனக்குப் போன் செய்த கதைக்கு வருகிறேன். அவள் எனக்குத் தெரியாமல் பேசிவிட்டாள் என்று நினைத்து நீ அவளைக் காப்பாற்றப் பார்க்கிறாய். உன் செய்தியில் அவள் பெயரே இல்லை. நடந்தது இதுதான். கட்டுப் போட்டு வந்த அன்று அவள் எனக்குச் சோறு பிசைந்து தட்டைக் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"தம்பிக்கு ஒரு போனப் போட்டு சொல்லட்டா?" என்றாள்.

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னா ஓனரம்மா, சொல்லட்டா வேணாவா? ஒத்த ஆளா எத்தினி நாளு வூட்ல இப்டியே குந்திகினு இருப்ப?"

நான் ஜன்னலைப் பார்த்தேன், தம்பி.

அவள் எழுந்து மாடிக்குப் போனாள். நம் மாடிப்படியில் எல்லாம் கேட்கும். அவள் உன்னிடம் பேசியது முழுவதும் என் காதில் விழுந்தது. "உங்கம்மா ஊமைக்காய் நைனா. உள்ள நல்ல பருப்பு கீது, இல்லன்னு சொல்லல. ஆனா அதுவா வாய தொறக்காது. யாராச்சும் வந்து ஒடைச்சாத்தான் உண்டு. நீ வா." நான் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காதவள் போல இருந்துவிட்டேன். அதாவது உன்னை வரச்சொன்னது அவள் இல்லை, நான். உன் அப்பா என்னிடம் வாங்கிப் போன அதே சரியை நான் அவளிடம் கொடுத்து, அவள் வாயால் உன்னைக் கூப்பிட்டேன். அதன் பலனாகத்தான் இப்போது நீ வேலையை விடப் போகிறாய்.

உன் செய்தியைப் பலமுறை படித்தேன். அதில் நான் இருக்கிறேன், ராயபுரம் இருக்கிறது, பிஸ்தா இருக்கிறது. கிரேன் என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை. எட்டு வயதில் மொட்டைமாடியில் நின்று துறைமுகத்து கிரேன்களுக்கெல்லாம் ஒவ்வொரு பெயர் வைத்தவன் நீ. அவற்றில் ஒன்றின் கழுத்து பழுதாகி அசையாமல் நின்றபோது சாப்பிடாமல் படுத்தவன். இப்போது அந்தக் கழுத்துகளைச் சரிசெய்வதுதான் உன் வேலை. போன தீபாவளிக்கு வந்தபோது உச்சியில் காற்று அடிக்கையில் கூண்டு எப்படி ஆடும் என்று கையால் காட்டினாய். காபி ஆறிப்போனதைக்கூட நீ கவனிக்கவில்லை. பிடித்ததை விட்டுவிட்டு வருகிறவர்கள் அதன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். நான் கிட்டங்கிக்கு வந்த அந்த ஆண்டு முழுவதும் வேதியியல் என்ற சொல்லைச் சொல்லவில்லை. அப்பா அதைக் கவனிக்கவில்லை. நான் கவனிக்கிறேன்.

ஆகவே சொல்கிறேன். வேண்டாம். ராஜினாமா கொடுக்காதே. இது கோபத்தில் சொல்வதில்லை, உன்னால் முடியாது என்று நினைத்துச் சொல்வதும் இல்லை. என்றைக்காவது உனக்குப் பிஸ்தா மேல் ஆசை வந்தால் பிஸ்தாவுக்காக வா, சொல்லித் தருகிறேன். என் மணிக்கட்டுக்காகத் தொழிலை மாற்றாதே. மணிக்கட்டு ஒட்டிக்கொள்ளும். முடிகிறவரை நான் நடத்துவேன். முடியாதபோது சரக்கைக் காலி செய்துவிட்டுக் கதவை மூடுவேன். கடை மூடுவது சாவு இல்லை. சாவை நான் பார்த்தவள் என்பதால் வித்தியாசம் தெரியும்.

வேண்டாம் என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினால், இது பழைய வழக்கம்தான். வேண்டாததைச் சொல்ல எனக்கு எப்போதும் தெரியும். வேண்டியதைத்தான் ஜன்னலிடம் விட்டுவிடுவேன். அதனால் அதையும் எழுதுகிறேன். லீவு கேட்டு, எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவுக்கு வா. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும். வீட்டில் பேச்சுச் சத்தம் வேண்டும். நீ வந்து திரும்பிப் போன பிறகு வீடு இன்னும் மோசமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். இது தேவகி கேட்பது இல்லை.

நேற்று சாயங்காலம் கிட்டங்கியிலிருந்து புறப்படும்போது ஊமைக் கூடையிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அப்பா போன பிறகு இப்போதுதான். கதவுக் கீலுக்குத் தேங்காயெண்ணெய் விட்டேன். கட்டுப் போட்ட கையால் கதவை இழுக்க முடியவில்லை. நல்ல கையால் இழுத்தால் காயைப் பிடிக்கக் கை இல்லை. சும்மா கொஞ்ச நேரம் கதவருகில் நின்றுவிட்டுக் காய்களை டம்ளரில் போட்டு மேசைமேல் வைத்திருக்கிறேன்.

வந்தால், நான் பிடித்துக்கொள்கிறேன். நீ கதவை இழு.

அம்மா